வாய் சிறியது, வயிறு பெரியது

பக்கத்து வீட்டு அக்கா முன்னால் எதையும் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு நான் கதவில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர், மகளின் நோட்டு லேபிள், காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு போட்ட பிளாஸ்திரி, பின்வீட்டுப் பெண்ணின் ஸ்டிக்கர் பொட்டு, எதுவானாலும் ஓரத்தில் நகத்தை விட்டு ஒரு நெம்பு நெம்பிப் பார்ப்பாள். கழன்று வந்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

“பாத்தியாமே? ஒட்டினா வந்துடும். பதிக்கணும்.”

“நெத்தியில எப்டிக்கா பதிக்கறது?” என்று பின்வீட்டுப் பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“பச்ச குத்திக்கோ.”

பதிக்கணும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவள் காலத்தை ஓட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். தரைக் கல்லில் பித்தளையை இறக்குவது அவள் தொழில். அதற்குப் பதிக்கிறது என்று பெயர். ஓடும் ரயிலில் விழாமல் நிற்க வேண்டுமானால் காலைப் பதிக்க வேண்டும். ரோஜாக் கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் பதியம். ரிஜிஸ்டர் ஆபீஸில் நடப்பது பதிவு. யாராவது சொன்ன வார்த்தை பத்து வருஷம் கழித்தும் வலித்தால் அது மனசில் பதிந்துபோன வார்த்தை. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். இதெல்லாம் ஒரே சொல்லா, பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு வேறு சொல்லா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒரே சொல்தான். உள்ளே போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. அவ்வளவுதான் அர்த்தம்.

அவள் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காகிதத்தில் எழுதுவதும் அவள் கணக்கில் ஒட்டுகிற வேலைதான்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், கம்பெனி காலத்து லைன் வீடுகளில் அவள் கதவும் என் கதவும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரே சுவர். நான் இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னிக்கு இன்னாமே?” என்று குரல் வரும். எனக்குக் கவலைப்படக் காரணமே வேண்டாம். மழை வந்தால் கூரை ஒழுகுமே என்று கவலை. மழை வராவிட்டால் தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து பறக்கும் வெள்ளைத் தூசி மகள் நெஞ்சில் போகுமே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இவ்வளவு நன்றாக இருக்கிறதே, என்ன வரப்போகிறதோ என்று கவலை.

காலையில் மாரிகுப்பத்தில் கிளம்பும் பெங்களூர் வண்டியில் இருவரும் ஒன்றாகத்தான் போவோம். நான் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். போகும்போது உட்கார இடம் கிடைத்துவிடும். சாயங்காலம் திரும்பும்போதுதான் கஷ்டம். மூச்சுவிட இடம் இருக்காது. நான் மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்குவேன்.

“கம்பிய நம்பாதமே. கம்பி வுட்டுட்டா இன்னா பண்ணுவ? காலப் பதிச்சு நில்லு.”

“கம்பி எப்டிக்கா வுடும்?”

“எல்லாம் வுடும். உன் கால் உன்னோடதுதான?”

இரண்டு பாதத்தையும் அகட்டி, கட்டைவிரலை ஊன்றி, கை இரண்டையும் கட்டிக்கொண்டு நிற்பாள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் சாய மாட்டாள். ஒயிட்ஃபீல்டில் கும்பலாக ஏறிய பையன்களில் ஒருவன், “ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றான்.

“எங்க ராசா தள்றது? உன் தல மேலயா?”

பெட்டியே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். ஆனால் அவள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பெங்களூரில் பெரிய வீடுகளின் ஹால், ஓட்டல் வாசல், அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டுக்கு முன்னால் இருக்கும் தரை, இங்கெல்லாம் இப்போது கல்லுக்குள் பித்தளையில் கொடியும் இலையும் ஓடவிடுவது பெரிய மோகம். மற்ற ஆட்கள் பள்ளம் வெட்டி, பசையை ஊற்றி, பித்தளையை வைத்து அழுத்திவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா பசை டப்பாவைக் கையால் தொட மாட்டாள். பள்ளத்தை மேலே குறுகலாகவும் உள்ளே போகப்போக அகலமாகவும் வெட்டுவாள். பித்தளையை அதில் நிறுத்தி, மேலே மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டுவாள். தட்டத் தட்டப் பித்தளை உள்ளே பரந்து, கல்லின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

“வாய் சின்னது, வயிறு பெருசு. போனது வராது.”

“இத யார்கிட்டக்கா கத்துக்கின?”

“வயித்துகிட்டதான்.”

இப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியாது. காண்ட்ராக்டர் கத்துவார். இவள் பதிலுக்குக் கத்திவிட்டு, சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அந்த நாட்களில் ரயிலில் நான்தான் அழாத குறையாக வருவேன். இனி யார் வேலை கொடுப்பார்கள், வயது வேறு ஐம்பதைத் தாண்டிவிட்டதே, நான் ஆபீஸில் சொல்லிப் பார்க்கட்டுமா என்று புலம்பிக்கொண்டே வருவேன். அவள் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருப்பாள்.

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்தவரைத்தான் அக்கா கட்டிக்கொண்டாள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபின் கடை போட்டார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம், பிள்ளை இல்லை. கீழே தின்ற தூசி நெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குவார். அதனால் பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். கடையில் முருகர் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் அவருடைய டோக்கன் தொங்கும்.

டோக்கன் என்றால் நம்பர் அடித்த பித்தளை வில்லை. மேலே தொங்கவிட ஓர் ஓட்டை இருக்கும். சுரங்கம் ஓடின காலத்தில் ஆளைக் கீழே இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறுமுன் அதைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது பலகையில் தொங்கும். மேலே வந்ததும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

“மேஸ்திரி, உங்க வீட்டு ரோஜாச் செடி ஒண்ணு குடு. கட முன்னாடி வெக்கலாம்.”

“வெட்டிக் குடுத்தா வாடிடும். பதியம் போட்டுகீறேன். வேர் வரட்டும்.”

“எப்ப வரும்?”

“வர்றப்ப வரும். நீ டீய ஆத்து.”

வேர் வர ஒரு மழைக்காலம் ஆனது. அவள் சரி என்று சொல்லவும் அவ்வளவு நாள் ஆனது. அவள் புராட்டஸ்டன்ட். அவர் முருகர் பக்தர். இரண்டு பேரில் யாரும் மாறுவதாக இல்லை. “அவரு முருகரு அவருக்கு. எங்க ஏசு எனக்கு. நடுவுல டீ” என்றாள்.

பங்காருபேட்டையில் ரிஜிஸ்டர் கல்யாணம். முதலில் நோட்டீஸ் ஒட்டி ஒரு மாசம் காத்திருக்க வேண்டும். பலகையில் ஒட்டிய நோட்டீஸை அண்ணனுடைய தம்பி வந்து கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் என் வீட்டுக்காரரும் பின்வீட்டுப் பெண்ணும் ஒத்துக்கொண்டிருந்தோம். கிழித்ததைக் கேட்டதும் போய் அவள் கதவைத் தட்டினேன். “வேணாங்க்கா, வெட்டு குத்துன்னு ஆயிடும். இப்டியே இருந்துடுங்க” என்றேன்.

“ஒட்டினா கிழிப்பாங்கதான். ரிஜிஸ்டர்ல பதிஞ்சப்புறம் வந்து கிழிக்கச் சொல்லு, பாக்கலாம்.”

அந்த நாளும் வந்தது. விரலை மிஷினில் வைக்கச் சொன்னார்கள். அவள் கட்டைவிரலில் ரேகை விழவில்லை. கல்லையும் பித்தளையையும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. துடைத்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள், ஒவ்வொரு விரலாக வைத்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பிக்காரன் ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிடுவானோ என்று. அவளுக்கோ சிரிப்பு.

“பெங்களூர் தரையெல்லாம் பதிச்சேன். நானே பதிய மாட்டேங்கறேன் பாருமே.”

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “வேர் வரட்டும், மேஸ்திரி.”

கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் பதிந்தது.

வேற்று மதத்தவரைக் கட்டிக்கொண்டாள் என்று எங்கள் சபையில் அவளுக்கு நற்கருணை கொடுப்பதை நிறுத்தினார்கள். அவள் கோவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. எப்போதும் உட்காரும் அதே பெஞ்சு, அதே ஓரம். எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது இவள் மட்டும் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பது போல நிமிர்ந்து உட்காருவாள்.

சில வருஷம்தான் அந்தக் குடித்தனம். ஒரு பனிக்காலத்தில் அண்ணனுடைய மூச்சு நின்றது. அதுவரை எட்டிப் பார்க்காத தம்பிமார் வந்தார்கள். பாடை கட்டினார்கள், மேளம் வைத்தார்கள், தங்கள் இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா பின்னாலேயே நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். கேட்டில் தம்பிக்காரன் மறித்தான்.

“பொம்பளைங்க உள்ள வரக்கூடாது. அதுவும் நீ யாரு?”

“யாருன்னு பங்காருபேட்டையில போயி கேளு. பதிஞ்சு கீது.”

அவன் விடவில்லை. அவளும் திரும்பவில்லை. மண் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வரும்வரை கேட்டுக்கு வெளியே, ரயிலில் நிற்பது போலவே, காலை அகட்டிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் கல் எதுவும் வைக்கவில்லை. அடுத்த மழையில் மேடு கரைந்தது. பிறகு ஒருநாள் அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாயை உதறி விரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான்தான், “இன்னாக்கா?” என்றேன்.

“எங்க கீறாருன்னே தெரியலமே” என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய நைனாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. தனக்கு வைக்கப்போகும் கல்லில் தன் பேரும் அவர் பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கல்லறைக் கமிட்டி செக்ரட்டரியைப் படியில் நிறுத்திக் கேட்டாள்.

செக்ரட்டரி நல்ல மனுஷர்தான். சுரங்கத் தொழிலாளி மகன். அவருடைய அப்பா கீழே இறங்கிய ஒரு ஷிஃப்டில் பாறை வெடித்து உள்ளேயே போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. தோட்டத்தில் அவருக்குக் கல் மட்டும் இருக்கிறது. அப்படி ஆள் இல்லாத கல் அந்தத் தோட்டத்தில் இன்னும் பல உண்டு.

“அக்கா, உங்க இடத்துல யாரும் கைவெக்க மாட்டாங்க. உங்க பேரப் போட்டுக்கங்க. அவரு பேரு எப்டி போட முடியும்? ஞானஸ்நானம் வாங்காதவரு. போவட்டும், ஆளாவது இங்க கீறாரா? ஆள் இல்லாத இடத்துல பேரு எதுக்குக்கா?”

அக்கா படியில் காலை அகட்டி ஊன்றினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ வரப்போகிறது. அவள் இடுப்புச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“உங்க அப்பா கல்லுக்குக் கீழ இன்னா கீது தம்பி?”

அவர் முகம் செத்துப்போனது. சுற்றி நின்றவர்கள் செருப்பைத் தேடுவது போல ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்தார்கள்.

“மண்ணுதான கீது? ஆனாலும் வருசா வருசம் பெயின்ட் அடிச்சு, பேரு எழுதி, பூ வெச்சு அழுவுறியே. தப்புன்னு சொன்னனா? அழுவணும். மனுசனுக்குப் பேரு வெக்க ஒரு எடம் வேணும். எங்க வூட்டுக்காரருக்கு இல்ல.”

“எங்க அப்பாவ இதுல இழுக்காதீங்க. அவரு பேரு போட முடியாது. போட்டா கல்லையே எடுத்துடுவோம்.”

“பேரு போடக்கூடாது. அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

“சரி” என்றாள் அக்கா.

வீடு வரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் கத்தியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். அவள் யாரிடமும் ஒரே பேச்சில் சரி என்று சொன்னதே இல்லை.

அதன்பிறகு லீவு நாட்களில் அவள் வாசலில் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. கையில் பிடிக்கும் சின்ன மிஷினால் எழுத்து வெட்டினாள். தமிழ் எழுத்துக்கு வளைவு அதிகம், வளைவில் பித்தளை முறுக்கிக்கொள்ளும், நெருப்பில் காட்டிக் காட்டி வளைத்தாள். அவள் பேர் முழுதாக உட்கார்ந்தது. அதற்குக் கீழே வட்டமாக ஒரு குழி வெட்டினாள். மேலே வாய் குறுகல், உள்ளே வயிறு அகலம். நான் பூ வைக்கிறாளாக்கும், சிலுவை வைக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். டீக்கடை ஆணியில் தொங்கிய டோக்கன்.

“அக்கா!”

“இன்னா?”

“கல்ல எடுத்துடுவோம்னு சொன்னாரே!”

“பேரு போட்டா எடுப்பேன்னாரு. இதுல பேரு எங்க கீது? நம்பருமே. நம்பருக்கு எங்க ஞானஸ்நானம் குடுக்கறாங்க?”

“விளையாடாதக்கா. உனக்கப்புறம் நாங்கதான பதில் சொல்லணும்?”

“சொல்லு. வாய் இல்ல? கட்டையப் புடி.”

டோக்கனை நடுவில் லேசாகக் குவித்து வைத்திருந்தாள், சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல. அது குழியின் வாய்க்குச் சரியாக இறங்கியது. நம்பர் நசுங்காமல் இருக்க மேலே மரக்கட்டையை வைத்து நான் பிடித்துக்கொள்ள, அவள் சுத்தியலால் தட்டினாள். தட்டத் தட்ட வில்லை தட்டையானது, ஓரம் சுற்றிலும் கல்லுக்குள் நுழைந்து மறைந்தது. அவள் நகத்தை ஓரத்தில் விட்டு நெம்பிப் பார்த்தாள். நகம் போக இடமில்லை.

“இது பலகையில தொங்கினா இன்னாமே அர்த்தம்?”

“ஆள் கீழ கீறாருன்னு அர்த்தம்.”

“அதான்” என்றாள்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சில நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எந்தக் கவலையும் படாமல் போனாள். அதையும் சேர்த்து நான்தான் பட்டேன். சபை முறைப்படி அடக்கம் நடந்தது. குழி மேடு அமர்ந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் சிமென்ட் குழைத்து மேடை கட்டிக் கல்லை நிறுத்தினோம்.

இரண்டு நாள் கழித்து செக்ரட்டரி ஒரு கொத்தனாரோடு தோட்டத்துக்குப் போகிறார் என்று பின்வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னாள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லாமல் போனேன். நான் போவதற்குள் கொத்தனார் குந்தி உட்கார்ந்து உளியை டோக்கன் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“இது ஒட்டினது இல்ல சார்.”

“நெம்பிப் பாரு.”

“நகமே போவல. உளி எங்கேர்ந்து போவும்? ஒடச்சாதான் வரும். ஒடச்சா கல்லு ரெண்டாயிடும், அந்தம்மா பேரும் சேந்து போயிடும்.”

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா. இது முறையா?”

பிடித்துக்கொள்ளக் கம்பி எதுவும் இல்லை. காலை அகட்டி வைத்தேன். கட்டைவிரலை ஊன்றினேன்.

“பேரு போடக்கூடாதுன்னு சொன்னீங்க சார். பேரு எங்க கீது? நம்பர்தான கீது.”

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

அவர் குனிந்து டோக்கனைப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளி மகனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்பரின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், கொத்தனாரிடம் சொன்னார்.

“அதும் மேல சுண்ணாம்பு அடிச்சுடு.”

ஈஸ்டர் காலையில் எங்கள் ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான். அதற்கு முந்தைய வாரம் கமிட்டி ஆட்கள் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடிப்பார்கள். வீட்டுக்காரர்கள் வந்து கறுப்புப் பெயின்டால் பேரைப் புதுசாக எழுதுவார்கள். சில வருஷம் யாரும் வராவிட்டால் வெள்ளைக்கு மேல் வெள்ளை ஏறி அந்தப் பேர் போய்விடும். கருங்கல்லுக்கு யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள். அக்கா கல்லில் மட்டும் டோக்கன் மேல் ஒரு பட்டை இழுத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து ஓர் உருண்டை புளி எடுத்துக்கொண்டு போனேன். பித்தளைக் குடம் தேய்க்கிறவளுக்கு இது பெரிய வேலையா? புளி பட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு கழன்றது. தொங்கவிடும் ஓட்டைக்குள் அடைத்துக்கொண்டதைத் தீக்குச்சியால் குத்தி எடுத்தேன். முதல் வருஷம் முந்தானையால் மறைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் எறும்பு என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு தேய்த்தேன். அடுத்த வருஷமும் பட்டை அடித்திருந்தார்கள். அடுத்த வருஷமும் தேய்த்தேன். அப்புறம் மறைப்பதை விட்டுவிட்டேன். பாஸ்டர் ஜெபம் பண்ணும்போதே சரசரவென்று சத்தம் கேட்கத் தேய்த்தேன். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து, “இன்னாமா, பாத்திரமா வெளக்கற?” என்றார். “ஆமா தாத்தா, நீங்களும் ஒரு கை குடுங்க” என்றேன். நானா சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

இந்த ஈஸ்டருக்கும் புளியோடு போனேன். சுற்றிலும் சிமென்ட் மேடைக்குப் புதுச் சுண்ணாம்பு பளீரென்று இருந்தது. டோக்கன் மேல் பட்டை இல்லை. அடிக்க மறந்துவிட்டார்களோ என்று உட்கார்ந்து பார்த்தேன். மேடையில் தெறித்த துளிகள் கல்லின் ஓரத்தில் கோடு கிழித்தது போல நின்றிருந்தன. யாரோ கல்லுக்கு முன்னால் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு வெள்ளையடித்திருக்கிறார்கள்.

சற்றுத் தள்ளி செக்ரட்டரி அவருடைய அப்பா கல்லில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். கைக்குட்டையை முட்டிக்குக் கீழே போட்டு மண்டியிட்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்து, பிரஷை எடுக்காமலே சொன்னார்.

“ஆளுங்க அந்த எடத்த வுட்டுட்டாங்க போல.”

“போல சார்” என்றேன்.

வேலை இல்லைதான். இருந்தாலும் தேய்த்தேன். வருஷத்துக் களிம்பு போய் நம்பர் ஒவ்வொன்றாக மேலே வந்தது. வெயில் ஏறியதும் கண் கூசியது.

அடுத்த வருஷம் இவரே செக்ரட்டரியாக இருப்பாரோ, கமிட்டி மாறி வேறு யாராவது வருவாரோ, அவர் என்ன சொல்வாரோ. இப்போதே அந்தக் கவலை வந்துவிட்டது. புளி வாங்கித் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்காவின் பேர் தெரிய வேண்டுமானால் நேரில் வாருங்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கிழக்குச் சுவர் ஓரம், அவள் நைனாவுக்குப் பக்கத்தில், கறுப்புக் கல். பேருக்குக் கீழே வட்டமாக ஒன்று மின்னும். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள்.